சொல், சட்டம், கொடுக்கல் வாங்கல்: மேற்கு நாடுகளின் பாலஸ்தீனக் கொள்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

2025 செப்டம்பர் 22 அன்று லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் உள்ள பாலஸ்தீனப் பிரதிநிதி அலுவலகத்தின் முன்னால் பாலஸ்தீனக் கொடி ஏற்றப்பட்டது. அதற்கு முந்தைய நாள்தான் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் ஆகிய நான்கு நாடுகளும் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்திருந்தன. அடுத்ததாக பிரான்ஸும் சேர்ந்துகொண்டது. ஐநா உறுப்பு நாடுகள் 193-இல் 157 இப்போது பாலஸ்தீனத்தை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

அதே வாரத்தில் காசா நகருக்குள் இஸ்ரேலியத் தரைப்படை முன்னேறிக்கொண்டிருந்தது. பல லட்சம் பேர் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள்.

இரண்டு செய்திகளையும் ஒரே நாளில் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்தது நியாயம்தான். உலகின் பலமான அரசுகள் அங்கீகரித்துவிட்டன. மக்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அப்படியும் களத்தில் ஏன் எதுவும் மாறவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால், மேற்கு நாடுகளின் கொள்கையை ஒரே பொருளாகப் பார்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

## அங்கீகாரம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுப்பதில்லை

ஒரு நாடு என்று சொல்ல நான்கு தகுதிகள் வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டின் மாண்டிவீடியோ உடன்படிக்கை சொல்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். பாலஸ்தீனத்துக்கு மக்கள் இருக்கிறார்கள். நிலத்தின் எல்லை, அதன் மீதான ஆட்சி இரண்டும்தான் சிக்கல். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் 1993 முதல் செய்துகொண்ட ஒஸ்லோ ஒப்பந்தங்கள் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்று வகைப் பகுதிகளாகப் பிரித்தன. அதில் சுமார் 60 சதவீதமான சி பகுதி முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கான இடைக்கால ஏற்பாடாக வந்தது, முப்பது ஆண்டு தாண்டியும் அப்படியே இருக்கிறது.

அங்கீகாரம் என்பது இரு அரசுகளுக்கு இடையேயான விஷயம். 'உன்னை நான் நாடாக நடத்துகிறேன்' என்று ஓர் அரசு சொல்கிறது. தூதரகம் திறக்கலாம், ஒப்பந்தம் போடலாம். ஐநாவில் முழு உறுப்பினர் ஆவது வேறு கதை. அதற்குப் பாதுகாப்பு அவையின் பரிந்துரை வேண்டும். 2024 ஏப்ரலில் 12 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்கா வீட்டோ போட்டு அதைத் தடுத்துவிட்டது. ஆகவே 2012-இல் பொதுச்சபை கொடுத்த 'உறுப்பினர் அல்லாத பார்வையாளர் நாடு' என்ற இடத்தில்தான் பாலஸ்தீனம் இன்னும் நிற்கிறது. 2025 செப்டம்பரில் நியூயார்க் கூட்டத்துக்கு வர பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸுக்கு அமெரிக்கா விசா தரவில்லை. தன் நாட்டை அங்கீகரிக்கும் நிகழ்வில் அவர் காணொலி வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது.

மேற்குக் கரையில் ரமல்லாவிலிருந்து நாப்லஸ் போகிறவர் நிற்கும் சோதனைச் சாவடியை லண்டனில் ஏறிய கொடி அகற்றாது. இதனால் அங்கீகாரம் வீண் என்றாகிவிடாது. எந்த அடுக்கில் மாற்றம் நடந்தது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுக்குகள் என்று மூன்றைச் சொல்லலாம். ஒன்று, சொல்: அறிக்கைகள், கண்டனங்கள், அங்கீகாரம். இரண்டு, சட்டம்: தீர்மானங்கள், நீதிமன்றங்கள், வீட்டோ. மூன்று, கொடுக்கல் வாங்கல்: ஆயுதம், பணம், வணிகம். மக்களின் விழிப்புணர்வு முதல் அடுக்கைச் சீக்கிரமே அசைக்கிறது. இரண்டாவதை மெதுவாக அசைக்கிறது. மூன்றாவதைத் தொடுவதற்குள் பல ஆண்டுகளும் பல்லாயிரம் உயிர்களும் போய்விடுகின்றன.

## சொல்: ஒரு கடிதமும் ஒரு விடுபட்ட எழுத்தும்

1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூத சமூகத்தின் முன்னணித் தலைவரான ரோத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு ஒரு சிறிய கடிதம் எழுதினார். அதன் மையமான வாக்கியத்தில் மொத்தம் 67 ஆங்கிலச் சொற்கள். பாலஸ்தீனத்தில் 'யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம்' அமைவதைப் பிரிட்டன் ஆதரிக்கும் என்கிறது முதல் பாதி. அங்கே ஏற்கெனவே இருக்கும் 'யூதர் அல்லாத சமூகங்களின்' குடிமை, மத உரிமைகளுக்குக் குந்தகம் வராது என்கிறது அடுத்த பாதி.

அந்த 'யூதர் அல்லாத சமூகங்கள்' யார்? அன்றைய மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்காக இருந்த அரேபியர்கள். அவர்களுக்குக் கடிதத்தில் பெயரே இல்லை. குடிமை உரிமை, மத உரிமை இரண்டும் உண்டு. அரசியல் உரிமை என்ற சொல் அவர்கள் பக்கத்தில் வரவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தை அதன் பெயரால் அழைக்காமல், 'இவர் அல்லாதவர்' என்று குறித்த இந்த வாக்கியத்திலிருந்துதான் நூறாண்டு மேற்கத்தியக் கொள்கை தொடங்குகிறது. 2025 ஜூலையில் ஐநாவில் பேசிய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டேவிட் லாமி, வாக்கியத்தின் இரண்டாம் பாதி காப்பாற்றப்படவில்லை, அது வரலாற்று அநீதி என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்வதற்கு 108 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் நுணுக்கமானது. 1967 ஜூன் போரில் மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம், கோலான் மேடு, சினாய் எல்லாவற்றையும் இஸ்ரேல் பிடித்தது. அந்த ஆண்டு நவம்பரில் பாதுகாப்பு அவை 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வரைந்தது பிரிட்டன். ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் விலக வேண்டும் என்றது தீர்மானம்.

எந்தப் பகுதிகள்? எல்லாமா, சிலவா? ஆங்கில மூலத்தில் 'பகுதிகள்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' என்ற சுட்டு இல்லை. 'அந்த' என்று குறிப்பிடவில்லை, ஆகவே எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்று இஸ்ரேல் வாதிட்டது. பிரெஞ்சு வடிவத்திலோ 'அந்தப் பகுதிகளிலிருந்து' என்று முழுமையாகவே படிக்க முடியும். தமிழில் மொழிபெயர்த்தால் இந்தச் சண்டையே தெரியாது. நம் மொழியில் அப்படி ஒரு கட்டாயச் சுட்டு கிடையாது. போரால் நிலத்தைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று அதே தீர்மானத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. இருந்தும் ஒரு சிறு சொல் இல்லாததைப் பிடித்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேல் வாதம் ஓடுகிறது. சொற்களைத் தெளிவில்லாமல் வைப்பதும் ஒரு கொள்கை முடிவுதான். எல்லாரும் கையெழுத்துப் போட அது உதவுகிறது. அதற்கு விலை கொடுப்பவர்கள் களத்தில் இருக்கிறார்கள்.

## சட்டம்: தீர்ப்பு தெளிவு, அமலாக்கம் இல்லை

ஆக்கிரமித்த நிலத்தில் தன் மக்களைக் குடியேற்றக் கூடாது என்கிறது நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49-ஆம் பிரிவு. இன்று மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் சேர்த்து சுமார் 7 லட்சம் இஸ்ரேலியக் குடியேறிகள் வாழ்கிறார்கள். குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்று 2016-இல் பாதுகாப்பு அவை 2334-ஆம் தீர்மானத்தில் சொன்னது. ஒபாமா ஆட்சி அன்று வாக்களிக்காமல் ஒதுங்கி வழிவிட்டது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், ஆக்கிரமிப்பே சட்டவிரோதம், கூடிய சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஆலோசனைக் கருத்து தந்தது.

இரண்டு நீதிமன்றங்களைப் பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையேயான வழக்குகளைப் பார்க்கிறது. இனப்படுகொலை உடன்படிக்கையின்படி தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கு அங்கேதான் நடக்கிறது, 2024 ஜனவரியில் இடைக்கால உத்தரவும் வந்தது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிநபர்களை விசாரிக்கிறது. 2024 நவம்பரில் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட், ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃப் மூவருக்கும் கைதாணை பிறப்பித்தது அதுதான். இரண்டுமே ஹேக் நகரில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. குற்றவியல் நீதிமன்றம் கைது செய்ய உறுப்பு நாடுகளை நம்பியிருக்கிறது. சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பை அமல்படுத்தும் வழி கடைசியில் பாதுகாப்பு அவைக்கு வருகிறது, அங்கே வீட்டோ காத்திருக்கிறது. 2023 அக்டோபருக்குப் பிறகு காசா குறித்த தீர்மானங்கள் மீது அமெரிக்கா ஆறு முறை வீட்டோ போட்டிருக்கிறது.

## கொடுக்கல் வாங்கல்: எல்லாம் தங்கியிருக்கும் இடம்

2016-இல் அமெரிக்காவும் இஸ்ரேலும் பத்தாண்டு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. 2019 முதல் 2028 நிதியாண்டு வரை 38 பில்லியன் டாலர் ராணுவ உதவி. அதில் 33 பில்லியன் ஆயுதம் வாங்க, 5 பில்லியன் ஏவுகணைத் தடுப்புக்கு. தேர்தலில் யார் வென்றாலும் ஆண்டுக்கு 3.8 பில்லியன் என்ற திட்டம் ஏற்கெனவே தயார். அடுத்த பெரிய ஆயுத விற்பனையாளர் ஜெர்மனி. 2019-23 காலத்தில் இஸ்ரேல் இறக்குமதி செய்த பெரிய ரக ஆயுதங்களில் இந்த இரண்டு நாடுகளின் பங்கு மட்டும் 99 சதவீதம் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம்.

அப்படியானால் பிரிட்டனின் பங்கு ஒன்றுமே இல்லையா? இங்கேதான் ஒரு விமானத்தின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எஃப்-35 போர் விமானத்தின் மதிப்பில் ஏறத்தாழ 15 சதவீதம் பிரிட்டனில் தயாராகிறது. உலகில் பறக்கும் ஒவ்வொரு எஃப்-35-இன் பின்உடற்பகுதியும் லங்காஷயரின் சாம்ல்ஸ்பரி ஆலையில் உருவாகிறது. காசா மீது குண்டு வீசிய இஸ்ரேலிய எஃப்-35 விமானங்களிலும் அந்தப் பாகம் உண்டு.

2024 செப்டம்பரில் பிரிட்டன் சுமார் 350 ஏற்றுமதி உரிமங்களில் 30-ஐ நிறுத்தியது. இஸ்ரேல் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தை மீறும் வகையில் அவை பயன்படக்கூடிய தெளிவான ஆபத்து இருக்கிறது என்பதே அரசு சொன்ன காரணம். ஆனால் எஃப்-35 பாகங்களுக்கு விலக்கு கொடுத்தது. அந்தப் பாகங்கள் எல்லாக் கூட்டாளி நாடுகளுக்கும் பொதுவான உதிரிபாகக் கிடங்குக்குப் போகின்றன. இஸ்ரேலுக்கு மட்டும் போவதைத் தனியாகப் பிரித்து நிறுத்த முடியாது, நிறுத்தினால் நேட்டோவின் பாதுகாப்பே பாதிக்கும் என்றது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இதில் தலையிட மறுத்தது. இது அரசும் நாடாளுமன்றமும் முடிவு செய்ய வேண்டியது என்றது.

என் பார்வையில் இந்த ஒரு விலக்குதான் முழுப் பிரச்சினையையும் காட்டுகிறது. ஆபத்து இருக்கிறது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது, அப்புறமும் மிக முக்கியமான பொருள் தொடர்ந்து போகிறது.

## ஒவ்வொரு நாட்டின் கணக்கும் வேறு

ஜெர்மனியின் நிலைப்பாட்டை ஹோலோகாஸ்ட் இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. 60 லட்சம் யூதர்களை நாஜி ஜெர்மனி கொன்றது. 1952-இல் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 3 பில்லியன் மார்க் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. இஸ்ரேலின் பாதுகாப்பு ஜெர்மனி என்ற அரசின் இருப்புக் காரணத்திலேயே அடங்கியது என்று 2008-இல் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் ஏஞ்சலா மெர்க்கல் பேசினார். அந்தக் குற்ற உணர்வு உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் அதன் சுமையை அந்தக் குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத பாலஸ்தீனர்கள் சுமக்கிறார்கள் என்பதும் உண்மை.

பிரான்ஸ் 1967 வரை இஸ்ரேலின் முதன்மை ஆயுத விற்பனையாளராக இருந்தது. அந்த ஆண்டின் ஆறு நாள் போரில் இஸ்ரேலுக்காகப் பறந்தவை பெரும்பாலும் மிராஜ் போன்ற பிரெஞ்சு விமானங்கள்தான். பிரெஞ்சு அதிபர் டி கோல் தடை விதித்த பிறகு அந்த இடத்துக்கு அமெரிக்கா வந்தது. கொடுக்கல் வாங்கல் மாறாத ஒன்று அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

அமெரிக்காவில் பனிப்போர்க் காலக் கூட்டு, கிறிஸ்தவ எவாஞ்சலிக்கர்களின் நம்பிக்கை, யூத சமூகத்தின் ஒரு பகுதியினரின் ஈடுபாடு, ஆயுதத் தொழில், தேர்தல் நிதி எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்து 'எல்லாம் அவர்களால்தான்' என்பது தவறு. 'யூதர்கள்தான் ஆட்டுவிக்கிறார்கள்' என்று இணையத்தில் சுற்றும் பேச்சு பழைய யூத வெறுப்பின் புது உடுப்பு. போரை எதிர்த்துத் தெருவில் இறங்கிக் கைதானவர்களில் ஏராளமான யூதர்களும் உண்டு.

## மக்கள் எதைப் பார்த்தார்கள்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். மேற்கு நாடுகளின் மக்கள் அன்று பெருமளவு இஸ்ரேலோடு நின்றார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டில் காசாவில் 67,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்கிட்டது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாக உள்ளே போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. காசாக்காரர்களின் கைப்பேசிகளும் உள்ளூர்ச் செய்தியாளர்களின் கேமராக்களும்தான் உலகின் கண்ணாக இருந்தன. அந்தச் செய்தியாளர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

கருத்து மாறியதைக் காலப் நிறுவனத்தின் அமெரிக்கக் கணிப்பு காட்டுகிறது. காசாவில் இஸ்ரேலின் ராணுவ நடவடிக்கையை 2023 நவம்பரில் 50 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2025 ஜூலையில் ஆதரவு 32 ஆகச் சரிந்தது, எதிர்ப்பு 60 ஆனது. ஜனநாயகக் கட்சியினரிடம் ஆதரவு வெறும் 8 சதவீதம். சிட்னி துறைமுகப் பாலத்தில் 2025 ஆகஸ்டில் கொட்டும் மழையில் 90,000 பேர் நடந்ததாகப் போலீஸே சொன்னது. எட்டு நாளில் ஆஸ்திரேலிய அரசு செப்டம்பரில் அங்கீகரிக்கப்போவதாக அறிவித்தது. மாட்ரிட்டில் ஸ்பெயின் சைக்கிள் பந்தயத்தின் கடைசிக் கட்டமே போராட்டக்காரர்களால் நின்றுபோனது.

## கருத்து மாறியும் கொள்கை ஏன் மாறவில்லை?

1. வெளியுறவுக் கொள்கைக்காக வாக்களிப்பவர்கள் குறைவு. கருத்துக்கணிப்பில் 'எதிர்க்கிறேன்' என்றவர், வாக்குச்சாவடியில் விலைவாசியை நினைக்கிறார். இதை அரசியல்வாதிகள் நன்றாக அறிவார்கள்.

2. எதிர்ப்பு பரவலாக இருக்கிறது, ஆதரவு ஒருமுனைப்பட்டு இருக்கிறது. 2024-இல் நியூயார்க்கின் ஒரு தொகுதியில், போர்நிறுத்தம் கேட்ட ஜமால் போமன் என்ற காங்கிரஸ் உறுப்பினரைக் கட்சியின் உள்தேர்தலில் தோற்கடிக்க இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏபேக் சார்ந்த குழு ஒன்றே 1.4 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது. அவர் தோற்றார். மற்ற உறுப்பினர்களுக்கு அது போதுமான பாடமாக இருந்தது.

3. பூட்டுகள். பத்தாண்டு உடன்பாடு ஒரு பூட்டு. வீட்டோ ஒரு பூட்டு. ஐரோப்பிய ஒன்றியம் இன்னொன்று. இஸ்ரேலின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி அதுதான். இரு தரப்பு ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவு மனித உரிமைகளை மதிப்பதை அடிப்படை நிபந்தனை ஆக்குகிறது. அந்தப் பிரிவை இஸ்ரேல் மீறியதற்கான அறிகுறிகள் உண்டு என்று 2025 ஜூனில் ஒன்றியத்தின் சொந்த ஆய்வே சொன்னது. ஆனால் ஒப்பந்தத்தை முழுதாக நிறுத்த 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். வணிகச் சலுகைகளை மட்டும் நிறுத்தக் கூடுதல் பெரும்பான்மை போதும். ஜெர்மனியும் இத்தாலியும் சேராமல் அதுவும் கிடைக்கவில்லை.

4. எதிர்ப்பையே குற்றமாக்குவது. அமெரிக்காவின் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இஸ்ரேலைப் புறக்கணிப்பதற்கு எதிரான சட்டங்களோ உத்தரவுகளோ இருக்கின்றன. பிரிட்டன் 2025 ஜூலையில் 'பாலஸ்தீன் ஆக்‌ஷன்' என்ற அமைப்பைப் பயங்கரவாதச் சட்டத்தில் தடை செய்தது. ஆகஸ்டில் ஒரே நாளில் 500-க்கும் மேற்பட்டோர் லண்டனில் கைதானார்கள். பெரும்பாலோர் செய்தது, அந்த அமைப்பை ஆதரிக்கும் அட்டை பிடித்து அமைதியாக உட்கார்ந்திருந்தது. பாதிப்பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

## பூட்டு திறந்த நாட்கள்

முடியவே முடியாது என்பதற்கும் வரலாறு இடம் கொடுக்கவில்லை. சூயஸ் போருக்குப் பிறகு சினாயிலிருந்து விலக மறுத்த இஸ்ரேலை, 1957-இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் தொலைக்காட்சியில் நாட்டுக்கு விளக்கிப் பேசி, அழுத்தம் கொடுத்து விலக வைத்தார்.

1982 ஆகஸ்ட் 12 அன்று லெபனான் தலைநகர் பெய்ரூட் மீது மணிக்கணக்கில் இஸ்ரேலின் குண்டு விழுந்தபோது அமெரிக்க அதிபர் ரீகன் இஸ்ரேல் பிரதமர் பெகினைத் தொலைபேசியில் அழைத்தார். கைகளை இழந்த ஏழு மாதக் குழந்தையின் படம் இந்தப் போரின் அடையாளமாகிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொன்னதாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இருபது நிமிடத்தில் பெகின் திருப்பி அழைத்து, குண்டுவீச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றார். ஒரு படம், ஒரு தொலைபேசி அழைப்பு.

அதே ரீகன்தான் தென்னாப்பிரிக்கா மீதான தடைகளை எதிர்த்தார். மாணவர்கள், தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கொடுத்த அழுத்தத்தால் 1986-இல் காங்கிரஸ் அவருடைய வீட்டோவையே மீறித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. விழிப்புணர்வு மூன்றாம் அடுக்கை நேராகத் தொட்ட நாள் அது.

இப்போதும் சில அசைவுகள் தெரிகின்றன. 2025 ஆகஸ்டில் ஜெர்மன் பிரதமர் மெர்ஸ், காசாவில் பயன்படக்கூடிய ஆயுதங்களுக்குப் புதிய அனுமதி இல்லை என்றார். அக்டோபர் போர்நிறுத்தத்துக்குப் பிறகு நவம்பரில் அதை விலக்கியும் கொண்டார். ஸ்லோவேனியாவும் ஸ்பெயினும் ஆயுதத் தடை கொண்டுவந்தன. அமெரிக்க செனட்டில் ஆயுத விற்பனையைத் தடுக்கும் தீர்மானத்துக்கு 2025 ஏப்ரலில் 15 வாக்குகள் கிடைத்தன, ஜூலையில் 27. தீர்மானம் தோற்றது. ஆனால் ஜனநாயகக் கட்சி அணியின் 47 பேரில் பாதிக்கு மேல் 'வேண்டாம்' என்று பதிவு செய்தது அதுவே முதல் முறை.

## அடுத்த செய்தி வரும்போது

'கண்டித்தது', 'கவலை தெரிவித்தது', 'அங்கீகரித்தது' என்றெல்லாம் செய்தியில் வந்தால் அது முதல் அடுக்கு. உரிமம் ரத்தானதா, வாக்கெடுப்பில் ஒதுங்கியதா, சுங்கச் சலுகை போனதா என்று அடுத்த வரியைத் தேடிப் படியுங்கள்.

குறிப்பாக ஒன்று. 38 பில்லியன் டாலர் உடன்பாடு 2028 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்ததன் தொகை, காலம், நிபந்தனைகள் எல்லாம் புதிதாகப் பேசப்பட வேண்டும். முடிந்து ஐந்து வாரத்தில் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். வேட்பாளர்கள் ஊர் ஊராக வாக்குக் கேட்டு வரும் மாதங்களும் இந்த உடன்பாட்டின் கடைசி மாதங்களும் ஒன்றுதான்.